ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நிஜமாகவே மந்தபுத்தியா, இல்லை நாமாக அப்படி நம்பிவிட்டோமா?

கரிசல்காடு கேட்டது:

புஷ் மகனைப் பற்றி ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் அவர் பெயரைச் சொன்னாலே எல்லாரும் சிரிப்பார்கள். உளறுவார், முன்னாள் அதிபரான அப்பாவின் பெயரை வைத்து மேலே வந்தவர், உண்மையில் ஆட்சி நடத்துவது துணை அதிபர் டிக் செனி, இவர் சும்மா தலையாட்டுகிறவர், இதுதான் அப்போது பொதுவான பேச்சு. 2008 டிசம்பரில் பாக்தாத்தில் ஒரு நிருபர் இரண்டு ஷூவையும் கழற்றி அவர் மேல் வீசினாரே, அந்தக் காட்சியை அலுக்காமல் போட்டுப் போட்டுப் பார்த்த தலைமுறை நாங்கள்.

இப்போது படித்துப் பார்த்தால் ஆள் யேலில் வரலாறு, ஹார்வர்டில் எம்பிஏ. எம்பிஏ பட்டம் வாங்கிய ஒரே அமெரிக்க அதிபர் இன்றுவரை அவர்தானாம். போர் விமானம் வேறு ஓட்டியிருக்கிறார். மந்தமான ஆளுக்கு இதெல்லாம் முடியுமா? மந்தம் இல்லை என்றால் ஈராக், கத்ரீனா புயல், 2008 நிதி நெருக்கடி என்று வரிசையாக எப்படிச் சொதப்பினார்? அப்புறம், அந்தக் காலத்தில் அவரைத் திட்டியவர்களே இப்போது ‘புஷ் எவ்வளவோ தேவலை’ என்கிறார்களே, அது என்ன கணக்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம் ப்ளீஸ்.

பழையபேப்பர் எழுதியது:

மந்தபுத்தி என்பது பாதி எதிராளிகள் ஒட்டிய பட்டம், மீதிப் பாதி அவரே விரும்பி மாட்டிக்கொண்டது. இதைப் புரிந்துகொள்ள 1978-க்குப் போக வேண்டும். அந்த வருடம் மேற்கு டெக்சாஸில் ஒரு நாடாளுமன்றத் தொகுதியில் புஷ் முதல்முறையாகத் தேர்தலில் நின்றார். எதிரே நின்றவர் கென்ட் ஹான்ஸ் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர், பக்கா உள்ளூர்க்காரர். ஹான்ஸ் கொள்கை எதையும் பெரிதாகப் பேசவில்லை. இந்தத் தம்பி கனெக்டிகட்டில் பிறந்தவர், யேல், ஹார்வர்ட் என்று கிழக்குக் கரையில் படித்துவிட்டு வந்திருக்கிறார், நம் மண்ணைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று ஊர் ஊராகச் சொன்னார், அவ்வளவுதான், புஷ் தோற்றார். ‘ரொம்பப் படித்தவர்’ என்று சொல்லித் தோற்கடிக்கப்பட்ட ஆள் அவர், அதை நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அதற்கப்புறம் யாரும் அவரை அந்தப் பக்கத்திலிருந்து அடிக்க முடியவில்லை. 1994-இல் டெக்சாஸ் ஆளுநர் தேர்தலில் ஆன் ரிச்சர்ட்ஸை வென்றார். அந்தம்மா மேடையில் பேசினால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும், மக்களிடம் நல்ல பெயரும் இருந்தது, அவரையே வென்றார். 1999-இல், அதிபர் தேர்தலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், கிராஃபோர்டில் சுமார் 1,600 ஏக்கர் பண்ணை வாங்கினார். கவ்பாய் பூட்ஸ், புதர் வெட்டும் ரம்பம், டெக்சாஸ் இழுவைப் பேச்சு எல்லாம் கேமராவுக்கு முன்னால். பதவி முடிந்ததும் எங்கே குடிபோனார் தெரியுமா? டல்லாஸில் பணக்காரர்கள் வசிக்கும் ஒரு பகுதிக்கு.

மதிப்பெண் கதை இன்னும் சுவையானது. 2004-இல் ஜான் கெர்ரிக்கு எதிராக நின்றபோது பத்திரிகைகள் எல்லாம் கெர்ரியை அறிவுஜீவியாகவும் இவரைப் பாமரனாகவும் எழுதின. தேர்தல் முடிந்து 2005-இல் கெர்ரியின் யேல் மதிப்பெண்கள் வெளியே வந்தன. நான்கு வருட சராசரி கெர்ரிக்கு 76, புஷ்ஷுக்கு 77. இரண்டு பேருமே சுமார்தான்.

சாதுரியம் இல்லாத ஆள் இப்படியெல்லாம் பிழைக்க முடியாது. ஆனால் ஒன்று, அவர் விமானப் படையில் சேர்ந்தது டெக்சாஸ் ஏர் நேஷனல் கார்டில், வியட்நாமுக்குப் போகாமல் இருக்க அப்போது நல்ல வழி அது. விமானி தகுதித் தேர்வில் அவர் வாங்கியதும் மிகக் குறைவு. அப்பா செல்வாக்கு இல்லையென்றால் அந்த இடம் கிடைத்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

வைகைக்கரை எழுதியது:

பழையபேப்பர் சொன்னது சரிதான், ஆனால் தேர்தலில் ஜெயிக்கிற சாமர்த்தியம் வேறு, ஒரு முடிவை எடுப்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்கிற புத்தி வேறு. புஷ்ஷிடம் முதலாவது தாராளமாக இருந்தது. இரண்டாவது, முதல் ஐந்தாறு வருடம் சுத்தமாக இல்லை. அவருக்கு மூளை இல்லை என்று சிரிப்பது உண்மையில் அவருக்குச் செய்கிற உபகாரம், ஏனென்றால் ‘பாவம் தெரியாமல் செய்துவிட்டார்’ என்று முடித்துவிடலாம்.

ஈராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். போருக்கு முன்னால், 2003 பிப்ரவரியில், ராணுவத் தளபதி எரிக் ஷின்செகி செனட் குழு முன்னால் உட்கார்ந்து, போர் முடிந்தபின் ஈராக்கைக் கட்டிக்காக்கப் பல லட்சம் வீரர்கள் தேவைப்படும் என்று சொன்னார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சர் வுல்ஃபோவிட்ஸ் அது அபாண்டமான மிகை என்று தள்ளிவிட்டார். அதிபர் இந்த இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து ‘உங்களுக்கு எப்படி இந்தக் கணக்கு வந்தது, உங்களுக்கு எப்படி’ என்று கேட்டிருக்க வேண்டாமா? ஒன்றரை லட்சம் பேரோடு உள்ளே போனார்கள். மே 1-ஆம் தேதி விமானம் தாங்கிக் கப்பலில் ‘பணி முடிந்தது’ என்ற பேனருக்குக் கீழே நின்று பேசினார். அதற்குப் பிறகுதான் உண்மையான போரே ஆரம்பித்தது.

அதைவிட மோசம் அடுத்த மூன்று வாரத்தில் நடந்தது. ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் பாக்தாத் போய் இறங்கினார். மே 16-ஆம் தேதி முதல் உத்தரவு, சதாமின் பாத் கட்சியின் மேல்தட்டு ஆட்கள் எல்லாருக்கும் அரசு வேலை போச்சு. மே 23-ஆம் தேதி இரண்டாவது உத்தரவு, ஈராக் ராணுவம் முழுக்கக் கலைப்பு. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கான ஆண்கள், சம்பளம் இல்லை, மரியாதை இல்லை, வீட்டில் ஆயுதம் இருக்கிறது. அவர்களில் கணிசமானவர்கள் எங்கே போனார்கள் என்பதை அடுத்த பத்து வருடம் உலகமே பார்த்தது. பின்னாளில் ஐஎஸ் அமைப்பின் ராணுவ மூளையாக இருந்தவர்களில் சதாமின் பழைய அதிகாரிகள் பலர்.

இதில் புஷ்ஷின் பங்கு என்ன? பதவியில் இருக்கும்போதே ஒரு வாழ்க்கை வரலாற்று ஆசிரியர் இதைப் பற்றிக் கேட்டார். ராணுவத்தைக் கலைக்காமல் வைத்திருப்பதுதான் எங்கள் கொள்கை, அது நடக்கவில்லை என்றார் புஷ். அப்படியானால் கலைத்த செய்தி வந்தபோது என்ன செய்தீர்கள் என்றால், ஞாபகம் இல்லையாம்! இது 2007-இல் வெளியே வந்ததும் பிரெமருக்குக் கோபம். கடிதங்களை எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். மே 22 அன்று அவர் ராணுவத்தைக் கலைக்கப்போவதாக அதிபருக்கே எழுதியிருக்கிறார், மறுநாளே ‘உங்களுக்கு என் முழு ஆதரவும் நம்பிக்கையும் உண்டு’ என்று அதிபரிடமிருந்து பதில். ஒரு நாட்டின் தலையெழுத்தை மாற்றிய ஒரு வரி அந்தக் கடிதத்துக்குள் இருந்தது, படித்தாரோ இல்லையோ, நின்று ‘ஏன்’ என்று கேட்கவில்லை. இதற்கு ஐக்யூ தேவையில்லை. அக்கறை இருந்தால் போதும்.

புத்தகம் படிக்காதவர் என்பதும் பொய். அவருடைய ஆலோசகர் கார்ல் ரோவோடு போட்டி போட்டு 2006-இல் 95 புத்தகம் படித்ததாக ரோவே எழுதியிருக்கிறார். 2003-இல் ஈராக்கைப் பற்றி ஒன்றிரண்டு படித்திருக்கலாம்!

மொட்டைமாடி எழுதியது:

அறிவாளியோ முட்டாளோ, ஈராக்கில் ஒரு லட்சத்துக்கும் மேல் சாதாரண ஜனங்கள் செத்தார்கள். இல்லாத பேரழிவு ஆயுதத்தைத் தேடிப் போய். அவருடைய மார்க் ஷீட்டை வைத்து என்ன செய்ய?

நடுநிலைநாயகம் எழுதியது:

எல்லாரும் 2003-லேயே நின்றுவிடுகிறீர்களே. அவர் எட்டு வருடம் ஆட்சியில் இருந்தவர். அதே 2003 ஜனவரி 28-ஆம் தேதி, ஈராக்கைப் பற்றிப் பேசிய அதே உரையில்தான், ஆப்பிரிக்காவிலும் கரீபியனிலும் எய்ட்ஸை எதிர்க்க ஐந்து வருடத்தில் 1,500 கோடி டாலர் கொடுப்போம் என்று அறிவித்தார். பெப்ஃபார் என்ற திட்டம். அதுவரை ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கு நேரத்துக்கு மாத்திரை சாப்பிடத் தெரியாது, கொடுத்தும் பிரயோஜனம் இல்லை என்று பெரிய அதிகாரிகளே பேசிய காலம். அந்தத் திட்டத்தால் இதுவரை சுமார் இரண்டரைக் கோடி உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக அமெரிக்க அரசின் மதிப்பீடு. அவருடைய அரசியல் எதிரிகளே ஒத்துக்கொள்கிற விஷயம் இது. இதில் அவருக்கு ஓட்டு ஒன்றும் கிடையாது. ஜாம்பியாவில் இருப்பவர் ஓஹாயோவில் வந்து வாக்களிக்கவா போகிறார்?

இரண்டாவது, 2007 ஜனவரி. ஈராக் எரிகிறது, பதவிக்கால நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தலில் கட்சி தோற்றுவிட்டது, பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டை அனுப்பியாகிவிட்டது. ஈராக் நிலைமையை ஆராய்ந்த பேக்கர், ஹாமில்டன் குழு படிப்படியாக வெளியே வரச் சொல்கிறது, தளபதிகளில் பலரும் அதே. இவர் நேர் எதிராகக் கூடுதல் படையை அனுப்பி, தளபதி பெட்ரேயஸைத் தலைமையில் போட்டார். அடுத்த ஒன்றரை வருடத்தில் வன்முறை மளமளவென்று குறைந்தது. வைகைக்கரை கேட்கிற ‘எதிரெதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கிற’ புஷ் 2006 கடைசியில் வந்துவிட்டார்.

இந்தியாவுக்கு வாருங்கள். 1974-லிருந்து அணு விஷயத்தில் நம்மை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2005 ஜூலையில் மன்மோகன் சிங்கோடு அறிக்கை, 2008 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்து. அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழுவில் விலக்கு வாங்கித்தந்தது அவர் நிர்வாகம். மன்மோகன் நேரிலேயே ‘இந்திய மக்கள் உங்களை ஆழமாக நேசிக்கிறார்கள்’ என்று சொன்னார், இங்கே இடதுசாரிகள் கொதித்தார்கள். நினைவிருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

நாயகம் சார், பெப்ஃபாருக்கு நான் கும்பிடுகிறேன், மறுக்கவே மாட்டேன். ஆனால் 2007 படை அதிகரிப்பை அறிவாளித்தனத்துக்கு ஆதாரமாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வன்முறை குறைந்ததற்குப் படை மட்டும் காரணம் இல்லை. அன்பார் மாகாணத்தில் சுன்னி பழங்குடித் தலைவர்கள் அல் காய்தாவை எதிர்த்துத் திரும்பியது அதற்கு முன்பே, 2006-இல் தொடங்கிவிட்டது. பாக்தாத்தில் பேட்டை பேட்டையாக ஷியா, சுன்னி பிரிந்து முடிந்திருந்தது, கொல்ல ஆள் மிச்சமில்லாத தெருக்கள். தவிர, தானே வைத்த தீயை நாலு வருடம் கழித்துப் பாதி அணைத்ததற்கு எவ்வளவு மார்க் போடுவது?

இந்தியாவைப் பற்றிப் பேசினால் இதையும் சொல்ல வேண்டும். 2003-இல் ஈராக்குக்கு ஒரு டிவிஷன் அளவுக்கு இந்தியப் படை கேட்டார்கள். ஐ.நா. ஆணை இல்லாமல் முடியாது என்று வாஜ்பாயி அரசு ஜூலையில் மறுத்துவிட்டது. நல்ல வேளை.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

கத்ரீனா பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன், இங்கே எங்கள் ஊர் ஆஸ்ட்ரோடோம் மைதானத்துக்குத்தான் நியூ ஆர்லியன்ஸ் மக்களைப் பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து இறக்கினார்கள், இன்றும் அப்படி வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களை வேலையிடத்தில் பார்க்கலாம்.

முழுப் பழியையும் புஷ் மேல் போடுவது நியாயம் இல்லை. கரை உடைந்ததற்குக் காரணம் ராணுவப் பொறியாளர் பிரிவு பல பத்தாண்டுகளாகக் கட்டிய அணைச் சுவர்களின் வடிவமைப்புக் குறை. மேயர் நேகின் ஊரைக் கட்டாயமாகக் காலி செய்யச் சொன்னதே புயலுக்கு முந்தைய நாள்தான். ஆளுநர் பிளாங்கோவுக்கும் வெள்ளை மாளிகைக்கும் யார் கட்டுப்பாட்டில் படை என்று இழுபறி.

ஆனால் 2005 ஆகஸ்ட் 29 திங்கட்கிழமை புயல் கரையேறியது. செவ்வாய் அன்று அதிபர் சான் டியேகோவில் ஒரு விழாவில் இருந்தார், அங்கே யாரோ கொடுத்த கிட்டாரை வைத்துக்கொண்டு நிற்கிற படம் வந்தது. புதன்கிழமை விமானத்தில் திரும்பும்போது மேலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார், அந்தப் படமும் வந்தது. வெள்ளிக்கிழமைதான் தரையில் இறங்கினார், இறங்கியதும் பேரிடர் முகமையான ஃபீமாவின் தலைவர் மைக்கேல் பிரவுனைப் பார்த்து ‘பிரவுனி, பிரமாதமாக வேலை செய்கிறாய்’ என்றார். அந்த நேரம் மாநாட்டு மையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். பிரவுன் ஃபீமாவுக்கு வருவதற்கு முன் பல வருடம் பார்த்த வேலை அரேபியக் குதிரைச் சங்கத்தில். பத்து நாளில் ராஜினாமா.

இங்கே பிரச்சினை புஷ்ஷுக்குக் கருணை இல்லை என்பது அல்ல. கீழே இருப்பவர் ‘எல்லாம் சரியாகப் போகிறது’ என்றால் அதையே நம்புகிற பழக்கம், அதோடு விசுவாசிக்குப் பதவி கொடுக்கிற பழக்கம். ஆட்களை முதல் பார்வையிலேயே எடைபோட்டுவிட்டு அப்புறம் அதை மாற்றுவதே இல்லை. ரம்ஸ்ஃபெல்டை மாற்ற ஆறு வருடம் ஆனது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பொருளாதாரத்தை யாரும் தொடவில்லை. 2000-ஆம் நிதியாண்டில் அமெரிக்க அரசுக்கு 23,600 கோடி டாலர் உபரி. அதை வாரிசாகப் பெற்றவர் இவர். 2001-இலும் 2003-இலும் வரிக் குறைப்பு, நடுவில் இரண்டு போர், அப்புறம் முதியோருக்கு மருந்துச் செலவு கொடுக்கும் மெடிகேர் டி திட்டம். மூன்றுக்கும் தனியாகப் பணம் எடுத்து வைக்கவில்லை. 2003-இல் போர் நடக்கும்போதே வரியைக் குறைத்தார். கிளம்பும்போது நாட்டின் கடன் கிட்டத்தட்ட இரு மடங்கு.

2008-க்கு மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். வீட்டுக்கடன் குமிழி உருவானதில் அன்றைய மத்திய வங்கித் தலைவர் கிரீன்ஸ்பானின் வட்டி விகிதம், வங்கிகளின் பேராசை, கிளின்டன் காலத்துத் தளர்வுகள் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ‘சொந்த வீடு எல்லாருக்கும்’ என்று புஷ் ஊதிவிட்டதும் உண்மை. ஆனால் செப்டம்பர் 15-ஆம் தேதி லேமன் வங்கி விழுந்தபிறகு அவர் செய்ததைப் பாருங்கள். மத்திய வங்கியின் புதிய தலைவர் பெர்னான்கியும் நிதியமைச்சர் பால்சனும் வந்து நிலைமையைச் சொன்னதும், வாழ்நாள் முழுக்கப் பேசிய சந்தைக் கொள்கையை மூட்டை கட்டி வைத்துவிட்டு 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்துக்குத் தலையைக் கொடுத்தார். செப்டம்பர் 29 அன்று பிரதிநிதிகள் சபையில் அது தோற்றது, தோற்கடித்தவர்களில் பெரும்பான்மை அவர் கட்சிக்காரர்களே, பங்குச்சந்தை 777 புள்ளி சரிந்தது, நாலு நாளில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். சந்தை அமைப்பைக் காப்பாற்றச் சந்தைக் கொள்கையைக் கைவிட்டேன் என்று டிசம்பரில் அவரே சொன்னார். முட்டாளாக இருந்தால் கொள்கையைக் கட்டிக்கொண்டு மூழ்கியிருப்பார். சென்னையில் அந்த வருடம் ஐடி கம்பெனிகளில் கையில் ஆஃபர் லெட்டரோடு சேரும் தேதி வராமல் காத்திருந்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருப்பீர்கள், அந்தத் திட்டம் மட்டும் வராமல் போயிருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

கரிசல்காடு எழுதியது:

அருமை, எல்லாருக்கும் நன்றி. பிரெமர் கடித விஷயம் எனக்குப் புதிது. ஆனால் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, இந்தத் திடீர்ப் பாசம் எங்கிருந்து வந்தது? அப்புறம் செனி ஆட்டிவைத்தார் என்பது எவ்வளவு உண்மை?

வைகைக்கரை எழுதியது:

பாசத்துக்குக் காரணம் டிரம்ப், வேறென்ன. 2001 செப்டம்பரில் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 90 சதவீத ஆதரவு இருந்தவர், 2008 அக்டோபரில் 25-க்கு இறங்கினார். பதவியை விட்டுப் போனபோது அவரைப் பிடிக்கும் என்றவர்கள் மூன்றில் ஒருவர். 2018 ஜனவரியில் சிஎன்என் கணிப்பில் 61 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் அவர் செய்தது ஓவியம் வரைந்தது, அடுத்து வந்தவரை விமர்சிக்காமல் வாயை மூடிக்கொண்டது. ஒரு இறுதிச் சடங்கில் மிஷெல் ஒபாமாவுக்கு மிட்டாய் கொடுத்தது அதற்கும் பிறகு. ஈராக்கில் ஒரு வீடும் இதனால் திரும்ப எழும்பவில்லை.

2022 மே மாதம் டல்லாஸில் பேசும்போது, ஒரே மனிதர் எடுத்த முடிவால் நடந்த நியாயமற்ற, கொடூரமான ‘ஈராக்’ படையெடுப்பு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, உக்ரைன் என்று திருத்தி, வயது 75 ஆகிறது என்று சமாளித்தார். அரங்கம் சிரித்தது. எனக்கு அவர் உளறியதைவிட அந்தச் சிரிப்புதான் எரிச்சல்.

நடுநிலைநாயகம் எழுதியது:

டிரம்ப் மட்டும் காரணம் இல்லை. இரட்டைக் கோபுரம் விழுந்து ஆறாவது நாள் வாஷிங்டன் மசூதிக்குப் போய் நின்று, இஸ்லாம் நம் எதிரி இல்லை என்று சொன்னார். அன்றைய சூழ்நிலையில் அது சின்ன விஷயம் இல்லை. குடியேற்றச் சட்டச் சீர்திருத்தத்துக்கு 2007-இல் சொந்தக் கட்சியை எதிர்த்து மோதித் தோற்றார். ஆட்களுக்கு இது இப்போதுதான் கண்ணில் படுகிறது.

வைகைக்கரை எழுதியது:

மசூதிக்குப் போனவர் நாலு மாதத்தில் குவான்டனாமோ சிறையையும் திறந்தார் சார். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

பழையபேப்பர் எழுதியது:

செனி கேள்விக்கு நான் வருகிறேன். முதல் தவணையில் செனியின் கை ஓங்கித்தான் இருந்தது, ஆனால் பொம்மலாட்டம் என்று சொல்ல முடியாது. அவர் செய்தது, அதிபர் மேஜைக்கு எந்தக் காகிதம் போகிறது, எது போகவில்லை என்பதைத் தன் கையில் வைத்துக்கொண்டது. 2004 மார்ச்சில் நடந்த கதை நல்ல உதாரணம். ரகசிய ஒட்டுக்கேட்புத் திட்டத்தில் சட்டப்படி கோளாறு இருக்கிறது என்று அரசின் நீதி அமைச்சகம் பல நாளாகச் செனி அலுவலகத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த அட்டர்னி ஜெனரல் ஆஷ்கிராஃப்டிடம் கையெழுத்து வாங்க வெள்ளை மாளிகை ஆட்கள் ராத்திரியில் போனார்கள், மனிதர் மறுத்துவிட்டார். சண்டை எவ்வளவு முற்றியிருக்கிறது, நீதி அமைச்சகத்தின் தலைகளும் எஃப்பிஐ இயக்குநர் முல்லரும் கூண்டோடு ராஜினாமா செய்யப் போகிறார்கள் என்பதே புஷ்ஷுக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. தெரிந்ததும் அட்டர்னி ஜெனரலின் துணை அதிகாரி ஜேம்ஸ் கோமியைத் தனியே கூப்பிட்டுப் பேசினார், முல்லரிடம் பேசினார், திட்டத்தை மாற்றச் சம்மதித்தார். விஷயம் கையில் வந்தால் முடிவெடுக்கத் தெரிந்த ஆள்தான், வராவிட்டால் தேடிப் போகாத ஆள்.

இரண்டாவது தவணையில் செனிக்கு மவுசு போய்விட்டது. 2007-இல் சிரியாவின் அணு உலையை நாமே குண்டு போட்டு அழிக்கலாம் என்று கூட்டத்தில் செனி சொல்ல, இவரோடு ஒத்துப்போகிறவர்கள் யாராவது உண்டா என்று அதிபர் கேட்டாராம், ஒரு கையும் எழும்பவில்லை என்று செனியே எழுதியிருக்கிறார். உலையை அப்புறம் இஸ்ரேல் அழித்தது. கடைசி நாட்களில் சிறைத்தண்டனை பெற்ற தன் முன்னாள் உதவியாளர் ஸ்கூட்டர் லிபிக்குப் பொதுமன்னிப்பு கொடுக்கச் சொல்லி விடாமல் கேட்டார் செனி, புஷ் சிறைத்தண்டனையை மட்டும் ரத்து செய்ததோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு பேருக்கும் மனஸ்தாபமே அதில்தான். லிபிக்கு மன்னிப்பு 2018-இல் டிரம்ப் கொடுத்தார், அது வேறு கதை, அதற்குத் தனி இழை ஆரம்பியுங்கள்.